ஒட்டும்போது உதிர்கின்றவை

கத்தரிக்கோலும் பசைக்கிண்ணமும் பதிப்பாசிரியரின் மேசையை விட்டு நீங்காதிருந்த காலத்தில், ஒரு தாளிலிருந்து ஒரு பகுதியை வெட்டி எடுத்து வேறொரு தாளில் ஒட்டினால், வெட்டிய இடத்தில் அது எப்படி இருந்ததோ அப்படியே ஒட்டிய இடத்திலும் இருந்தது. எழுத்தின் பருமன், வரிகளுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளி, ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பு ஆகிய யாவும் தாளோடு தாளாக வந்து சேர்ந்தன. எழுத்தையும் அதன் ரூபத்தையும் பிரித்துப் பார்க்க அங்கே வழியே இல்லை. 1970-களின் நடுவில், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனம் நடத்திய பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் 'ஜிப்ஸி' என்ற எழுத்துச் செயலியை உருவாக்கியபோது, அவர்கள் கண்முன் இருந்தவர்கள் ஜெராக்ஸுக்கு உடைமையாயிருந்த ஜின் என்னும் பாடநூல் பதிப்பகத்தின் பதிப்பாசிரியர்களே. அந்தப் பதிப்பாசிரியர்கள் தாளில் செய்துவந்த வெட்டு வேலையையும் ஒட்டு வேலையையும் திரையில் செய்ய வகைசெய்து கொடுத்ததன் மூலமே, இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்திருக்கும் 'கட்', 'காப்பி', 'பேஸ்ட்' என்ற மூன்று காரியங்களும் உலகத்துக்குப் பழக்கமாயின. வேலையின் பெயர் தாளிலிருந்து வந்தது. தாளுக்கு இயல்பாக இருந்த அந்தப் பத்திரம் மட்டும் கூடவே வரவில்லை.

இன்று அந்த வேலையைச் செய்கிறவர்கள் பதிப்பகத்தார் மட்டும் அல்லர். கருத்தரங்கு நடத்தி ஆய்வுக்கோவை வெளியிடும் கல்லூரித் தமிழ்த்துறையினர், கும்பாபிஷேக மலர் தொகுக்கும் திருப்பணிக் குழுவினர், ஆண்டறிக்கை தயாரிக்கும் சங்கச் செயலாளர், ஐந்து இயல்களையும் ஐந்து கோப்புகளாக எழுதி வைத்துக்கொண்டு முடிவில் ஒன்றாகச் சேர்க்க முனையும் ஆராய்ச்சி மாணவர் என்று எத்தனையோ பேர், பல கைகள் பல கணினிகளில் எழுதியவற்றை ஒரே நூலாக்க வேண்டிய நிலையில் இருக்கிறார்கள். சேர்த்து முடித்துப் பார்க்கும்போது தலைப்புகள் சிறுத்திருக்கும். பாடல்களின் அடிகள் ஒன்றை ஒன்று விட்டு விலகி நிற்கும். அடிக்குறிப்பு எண்கள் மாறியிருக்கும். ஒரு கட்டுரையின் பக்கத் தலைப்பில் வேறொரு கட்டுரையாளரின் பெயர் வந்து அமர்ந்திருக்கும். ஒரு கட்டுரை அடியோடு ஆங்கில எழுத்துக் குவியலாகக் கிடக்கும். "ஃபார்மேட் போயிடுச்சு சார்" என்று டி.டி.பி. நிலையத்துப் பையன் சொல்வான். அவன் கவனக்குறைவுதான் காரணம் என்று வந்தவர் நினைத்துக்கொள்வார். அவன்மேல் பெரும்பாலும் பிழை இல்லை. செயலி தனக்கு விதிக்கப்பட்ட நியதிப்படியே நடக்கிறது என்பதும், அந்த நியதி சாதாரணமான எவரும் கற்றுக்கொள்ளக் கூடியதே என்பதும் என் திடமான அபிப்பிராயமாதலால், அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன்.

எழுத்துச் செயலியில் ஒரு தலைப்பு பெரிதாகவும் தடித்தும் தெரிகிறது என்றால், அந்தப் பருமனும் தடிப்பும் அந்த எழுத்துகளிலேயே குடியிருக்கின்றன என்று நாம் எண்ணுவது இயல்பு. ஆனால் 1974-இல் பட்லர் லாம்ப்ஸனோடு சேர்ந்து 'பிராவோ' என்ற செயலியைச் செய்த சார்லஸ் சிமோனி, பிற்பாடு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் சேர்ந்து வழிநடத்த, 1983-இல் வெளிவந்த 'வேர்டு' செயலி முதற்பதிப்பிலிருந்தே வேறொரு முறையைக் கைக்கொண்டது. அதில் ஒரு பத்திக்கு அதன் ரூபம் நேராகத் தரப்படாமல், 'நார்மல்', 'ஹெட்டிங் 1' என்பன போன்ற ஒரு பெயரே தரப்படுகிறது. அந்தப் பெயருக்கு என்ன எழுத்து, எவ்வளவு பருமன், எத்தனை இடைவெளி என்பதெல்லாம் வேறோர் இடத்தில் எழுதி வைக்கப்படுகின்றன. இந்தப் பெயருக்குத்தான் 'ஸ்டைல்' என்று பெயர். 2007 முதல் வேர்டு எழுதும் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதியே ஆகும்; ஒரு பிரதியை எடுத்து, அதன் பெயரின் ஈற்றை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பார்க்கிறவர், உரை ஒரு கோப்பிலும், ஸ்டைல்களின் விவரம் மற்றொரு கோப்பிலும், வரிசை எண்களின் விதி இன்னொன்றிலும், அடிக்குறிப்புகள் வேறொன்றிலுமாகத் தனித்தனியே கிடப்பதைத் தம் கண்ணாலேயே காணலாம்.

நிறுத்தலும் முகத்தலும் நாடெங்கும் ஒரே அளவாக ஆக்கப்படுவதற்கு முன், 'இரண்டு படி அரிசி' என்று ஒருவர் சீட்டெழுதி வேற்றூருக்கு அனுப்பினால், அவ்வூர்க் கடைக்காரர் தம்மூர்ப் படியால் அளந்தே கொடுப்பார். சீட்டில் இருந்தது படி என்ற பெயரே அல்லாமல், எழுதியவர் ஊர்ப் படியின் கொள்ளளவு அன்று. கோப்புகளைச் சேர்க்கும்போது நேர்வதும் இதுவே. நாம் ஒட்டும் பத்தி 'நார்மல்' என்ற பெயரைச் சுமந்துகொண்டு வருகிறது. வந்து சேர்ந்த கோப்பிலும் 'நார்மல்' என்ற பெயர் இருக்கிறது. இரண்டுக்கும் பொருள் வேறாயின், வந்து சேர்ந்த இடத்தின் பொருளே செல்லுபடியாகும். அந்தப் பொருள்கள் எவ்வளவு வேறுபடும் என்பதற்கு வேர்டின் பதிப்புகளையே பார்க்கலாம். 2003-ஆம் ஆண்டுப் பதிப்பில் நார்மல் என்றால் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்து, 12 பாயிண்ட் பருமன், ஒற்றை வரி இடைவெளி, பத்திக்குப் பின் இடைவெளி ஏதும் இல்லை. 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதே பெயருக்குக் காலிப்ரி எழுத்து, 11 பாயிண்ட், 1.15 வரி இடைவெளி, பத்திக்குப் பின் 10 பாயிண்ட் என்றாயிற்று. 2013-இல் வரி இடைவெளி 1.08 ஆகவும், பத்திக்குப் பின் விடும் இடம் 8 பாயிண்டாகவும் குறைந்தன. பழைய கணினியில் எழுதும் பேராசிரியர் ஒருவரும், புதிய மடிக்கணினியில் எழுதும் அவருடைய மாணவர் ஒருவரும் அமைப்பு எதையும் தொடாமல் எழுதிய இரண்டு கட்டுரைகளைச் சேர்த்தால், ஒன்று மற்றதன் அளவுக்கு இழுபடாமல் இருக்க முடியாது.

ஒட்டும் சமயத்தில் செயலி நம்மிடம் யோசனை கேட்காமலும் இல்லை. ஒட்டிய பகுதியின் அடியில் ஒரு சிறு பொத்தான் தோன்றுகிறது. வந்த இடத்து ரூபத்தைக் காத்துக்கொள்வதற்குக் 'கீப் சோர்ஸ் ஃபார்மேட்டிங்', இரண்டையும் கலந்துகொள்வதற்கு 'மெர்ஜ் ஃபார்மேட்டிங்', ரூபத்தை அடியோடு விலக்கி எழுத்தை மட்டும் ஏற்றுக்கொள்வதற்குக் 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' என்று அதில் வழிகள் உண்டு. பலர் அறியாத விஷயம் ஒன்று உண்டு. ஃபைல் பட்டியிலுள்ள 'ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறந்து, 'அட்வான்ஸ்டு' என்ற பகுதியில் ஒட்டுதல் பற்றிய வரிகளைப் பார்த்தால், வேறு கோப்பிலிருந்து ஒட்டும்போது என்ன செய்வது என்பதற்கு ஒரு வரியும், ஒரே பெயருள்ள ஸ்டைல்கள் மோதும்போது என்ன செய்வது என்பதற்குத் தனியாக இன்னொரு வரியும் இருக்கின்றன. வேர்டின் பல பதிப்புகளில், மாற்றாமல் விட்டிருந்தால், முதல் வரி வந்த இடத்து ரூபத்தைக் காக்கச் சொல்கிறது. இரண்டாம் வரி சேர்ந்த இடத்து ஸ்டைலைப் பின்பற்றச் சொல்கிறது. நடைமுறையில் ஏறக்குறைய எல்லாக் கோப்புகளிலும் நார்மல் இருப்பதால் மோதலே பொது விதியாகி, இரண்டாம் வரியின் ஆட்சியே நடக்கிறது. 'ஒரு முறை சரியாக வந்தது, மறுமுறை கெட்டுவிட்டது' என்று திகைப்பவர்களின் திகைப்புக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அப்படியானால் எப்போதும் 'கீப் சோர்ஸ்' என்று வைத்துக்கொண்டால் போதுமே என்று தோன்றும். தற்காலத்தில் பலரும் சொல்லும் உபாயமும் அதுவே. நான் அதை முழு மனத்தோடு ஆதரிக்க மாட்டேன். மோதல் நேரும்போது வந்த ரூபத்தைக் காக்கும் பொருட்டுச் செயலி செய்வதென்ன? பெயரால் நின்ற அமைப்பைக் கழற்றி, எழுத்து, பருமன், இடைவெளி என்ற ஒவ்வோர் அம்சத்தையும் நேரடியாக அந்தப் பத்தியின் மேலேயே ஏற்றிவிடுகிறது. பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். பிறகு நூல் முழுவதற்கும் எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கலாம் என்று ஸ்டைலை மாற்றும்போது, இந்தப் பத்திகள் அந்த மாற்றத்துக்குச் செவிசாய்க்க மாட்டா. தலைப்பு, பார்வைக்குத் தலைப்பாக இருந்தும் தலைப்பு என்ற பெயரை இழந்திருக்குமானால், தானே உருவாகும் பொருளடக்கத்தில் அதற்கு ஸ்தானம் கிடைக்காது. முந்நூறு பக்க நூலில் ஒவ்வொரு பத்தியாகத் தேடித் திருத்தும் பிரயாசை கடைசியில் யாரேனும் ஒருவர் தலையில் வந்து விழுகிறது.

ஆகவே, வடிவத்தைக் காப்பது எப்படி என்று கேட்பதற்கு முன், எந்த வடிவத்தைக் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வது உத்தமம். கட்டுரையாளர் ஒருவர் லதா எழுத்தை விரும்பினார், மற்றொருவர் நிர்மலாவை விரும்பினார் என்பதெல்லாம் அவரவர் ருசி. நூலாகும்போது அந்த வேற்றுமை போய்விடுவதால் யாருக்கும் நஷ்டம் இல்லை, போவதே அழகு. ஆனால் மேற்கோள் பகுதி உள்தள்ளி நிற்பதும், ஆசிரியர் அழுத்தம் கொடுத்த சொல் தடித்து நிற்பதும், அடிக்குறிப்பு தனக்குரிய சொல்லோடு பிணைந்திருப்பதும், செய்யுள் அடி அடியாக நிற்பதும் ருசியைச் சேர்ந்தவை அல்ல. அவை கருத்தின் அங்கங்கள். அவற்றை இழந்த கட்டுரை, எழுதியவர் எழுதாத கட்டுரையாகிவிடுகிறது.

செய்யுளின் விஷயத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சங்கப் பாடல் ஒன்றை மேற்கோள் காட்டுகிற ஆய்வாளர், ஒவ்வோர் அடியின் முடிவிலும் 'என்டர்' விசையைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கண்ணுக்கு அது ஒரே பாடல். செயலியின் கணக்கில், பாடலுக்கு எத்தனை அடியோ அத்தனை பத்தி. அவருடைய பழைய கோப்பில் பத்திக்குப் பின் இடைவெளி இல்லாதவரை குறை ஒன்றும் தெரியாது. பத்திக்குப் பின் 8 அல்லது 10 பாயிண்ட் விடும் கோப்பில் அதை ஒட்டியவுடன், அடிகள் ஒவ்வொன்றும் தனித்து விலகி, பாடல் பட்டியலாகத் தோற்றமளிக்கிறது. 'ஷிஃப்ட்' விசையோடு சேர்த்து என்டரைத் தட்டியிருந்தால், அடி முறியுமே தவிரப் பத்தி முறியாது; பாடல் முழுவதும் ஒரே பத்தியாக எங்கே போனாலும் ஒன்றாகவே நிற்கும். ஆனால் அப்போது பாடலை இரு ஓரமும் நேராக வரும்படி அமைக்காமல், இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கும்படி வைக்க வேண்டும். இல்லையேல் இரண்டு சீர் கொண்ட அடியையும் செயலி பக்கத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்துவிடக் கூடும். இவ்வளவு சிறிய விஷயத்தில் ஒரு பாடலின் மானம் அடங்கியிருக்கிறது.

இனி, தமிழில் எழுதுகிறவர்களுக்கு நேரும் ஓர் அபாயத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள், ஃபாண்டு எனப்படும் எழுத்துரு மாறிப்போனால், அழகை மட்டும் இழக்கிறார்கள். பழைய தமிழ் ஃபாண்டுகளில் எழுதியவர்கள் ஃபாண்டு மாறினால் எழுத்தையே இழக்கிறார்கள். ஈழத்திலும் புலம்பெயர்ந்த தமிழரிடத்தும் பெருவழக்காயிருந்த பாமினி ஃபாண்டில் 'தமிழ்' என்று எழுதினால், கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிற்றெழுத்து ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே ஆகும். ஜே என்ற எழுத்துக்குத் 'த' என்ற உருவத்தையும், அரைப்புள்ளிக்கு மெய்யின் மேலிருக்கும் புள்ளியையும் வரைந்து காட்டுவது அந்த ஃபாண்டு. 'அம்மா' என்ற சொல் அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கிறது. இத்தகைய கட்டுரையைச் சேர்த்த இடத்தின் ஸ்டைல் தன் ஃபாண்டைப் போர்த்திவிட்டாலும், 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' என்று ஒட்டிவிட்டாலும், நம் முன் நிற்பது தமிழ் அன்று. பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. கட்டுரையில் இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்களும் இருந்தால், எது ஆங்கிலம், எது வேஷமிட்ட தமிழ் என்று பிரித்தறிய ஃபாண்டின் பெயர் ஒன்றே சாட்சியாக இருந்தது. அந்தச் சாட்சியும் போய்விட்ட பிறகு மனிதர் ஒருவர் அமர்ந்து வரி வரியாகப் பிரித்தெடுப்பதைத் தவிர மார்க்கம் இல்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சிகள் நெடுங்காலமாகவே நடந்து வந்திருக்கின்றன. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியேற்றமாகிய யூனிகோடு 1991-இல் தன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்தது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு தாம், தாப் என்ற இரண்டு குறியேற்றங்களைத் தரமாக்கியது. 2010 ஜூனில், கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியேற்றத்தையும் அரசு ஏற்றுக்கொண்டது. எனினும் மூத்த அறிஞர்கள் பலருடைய கணினிகளில் இன்றளவும் பாமினியும் வானவில்லும் ஸ்ரீலிபியும் வாழ்ந்துகொண்டிருக்கின்றன. அவர்களுடைய முப்பது ஆண்டு உழைப்பு அந்த ஃபாண்டுகளில் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. அவர்கள் கட்டுரையைப் பெற்றுத் தொகுக்கிறவர்களே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அந்த ஜாக்கிரதையின் முதல் விதி, சேர்ப்பதற்கு முன்பே, ஒவ்வொரு கோப்பாக, யூனிகோடுக்கு மாற்றிவிடுவது. ஃபாண்டு மாற்றும் கருவிகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன; ஆயினும் பெரும்பாலானவை வெறும் எழுத்தை வாங்கிக்கொண்டு வெறும் எழுத்தையே திருப்பித் தருகிறவை. தடித்த சொற்கள் அந்த வழியில் போய்விடாமலிருக்க, வேர்டின் தேடி மாற்றும் வசதியைக்கொண்டு, தடித்த பகுதிகளின் இருபுறமும் அந்த ஃபாண்டு தனக்கென எடுத்துக்கொள்ளாத ஏதேனும் ஒரு குறியை முன்கூட்டியே இட்டுவைத்து, மாற்றி முடிந்த பின் அந்தக் குறிகளைக் கண்டு தடிப்பை மீண்டும் ஏற்றிக் குறியை நீக்கிவிடலாம். ஆங்கிலச் சொற்கள் கலந்த கட்டுரையாயின், முழுவதையும் மாற்றியில் போட்டால் அந்த ஆங்கிலமும் தமிழ் எழுத்துகளாகி உளறும். ஆகவே தேடும் பெட்டியில் சொல் எதையும் எழுதாமல் ஃபாண்டின் பெயரை மட்டும் கொடுத்து, அந்த ஃபாண்டில் உள்ள பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும். இந்தத் தேர்வு உரைப்பகுதியோடு நின்றுவிடும். அடிக்குறிப்புகளுக்குத் தனியாக மறுபடியும் தேட வேண்டும் என்பதை மறந்தவர்களின் நூல்களில், மேலே தெளிவான தமிழும் பக்கத்தின் அடியில் புரியாத எழுத்துகளுமாக அச்சேறிவிடுகின்றன.

யூனிகோடுக்கு வந்த பின்னும் ஒரு சிறு நுட்பம் பாக்கி. வேர்டு தன் கோப்பில் லத்தீன் எழுத்துகளுக்கு ஒரு ஃபாண்டும், தமிழ், அரபி முதலிய எழுத்துகளுக்கு வேறொரு ஃபாண்டுமாக இரண்டு ஸ்தானங்களை வைத்திருக்கிறது. பருமனும் தடிப்பும்கூட இப்படியே இரட்டையாக இருக்கின்றன. லிப்ரே ஆபீஸும் ஃபாண்டை மேற்கத்திய எழுத்துக்கு ஒன்று, நம் போன்ற எழுத்துகளுக்கு ஒன்று என்று பிரித்தே காட்டுகிறது. நூலுக்கான ஸ்டைலை அமைக்கிறவர் லத்தீன் பகுதியில் மட்டும் 11 பாயிண்ட் என்று எழுதிவிட்டுத் தமிழுக்குரிய பகுதியை வெறுமையாக விட்டால், கோப்புகளைச் சேர்த்த பிறகு ஆங்கிலச் சொற்கள் ஒரு பருமனிலும் தமிழ் வேறொரு பருமனிலும் நிற்கும். ஸ்டைலின் ஃபாண்டுப் பெட்டியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று தனியே இருக்கும் வரிசைதான் நமக்கு உரியது.

பக்கத்தைச் சேர்ந்த விவரங்களுக்கு வேறு விதி. தாளின் அளவு, ஓரங்கள், நெட்டுவாக்கா அகலவாக்கா என்பது, பக்கத் தலைப்பு ஆகிய இவையெல்லாம் 'செக்ஷன்' எனப்படும் பகுதிக்கு உரியவை. ஒரு செக்ஷனின் விவரம், அது முடியும் இடத்தில் நிற்கும் 'செக்ஷன் பிரேக்' என்ற குறியில் அடங்கியிருக்கிறது. கோப்பின் கடைசி செக்ஷனுக்கு மட்டும் அப்படி ஒரு குறி கிடையாது. அதன் விவரம் கோப்பின் கடைசிப் பத்தியோடு மறைந்து கிடக்கிறது. ஒரு கட்டுரையை வேறொரு கோப்பின் இறுதியில் கொண்டுவந்து சேர்க்கும்போது, அந்தக் கடைசி செக்ஷன் தன் விவரத்தை விட்டுவிட்டு வந்து, சேர்ந்த இடத்தின் விவரத்தை ஏற்றுக்கொள்கிறது. கட்டுரையின் முடிவில் அகலத் தாளில் போட்டிருந்த பெரிய அட்டவணை, சேர்த்தவுடன் நெட்டுத் தாளில் நெருக்கிக்கொண்டு வலப்பக்கம் வெளியே போய்விடுவது இதனால்தான். பரிகாரம் எளிது: சேர்ப்பதற்கு முன், வரவிருக்கும் கோப்பின் இறுதியில் ஒரு செக்ஷன் பிரேக்கை நாமே இட்டுவிட வேண்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் இந்தக் குறிகளும் பத்திக் குறிகளும் திரையில் தோன்றும். சேர்க்கும் வேலை முடியும் வரைக்கும் அவற்றைத் தெரியும்படி வைத்திருப்பதே விவேகம். பக்கத் தலைப்பில் வேறொருவர் பெயர் வருவதற்குக் காரணம், புதிய செக்ஷன் ஒவ்வொன்றும் முந்தியதையே பின்பற்றும்படி 'லிங்க் டு பிரீவியஸ்' என்ற பொத்தான் இயல்பாகவே அழுந்தியிருப்பது. முதலில் அதை விடுவித்துவிட்டு, அப்புறம் பெயரை மாற்ற வேண்டும். வரிசை மாறினால் முந்திய கட்டுரையின் தலைப்பும் சேர்ந்து மாறிவிடும்.

அடிக்குறிப்புகள் செயலியின் வசதியால் இடப்பட்டிருந்தால் கவலை இல்லை. ஒவ்வொரு செக்ஷனிலும் எண் புதிதாகத் தொடங்கும்படி ஒரு முறை அமைத்தால் போதும். கையால் மேலெழுத்தாக எண் இட்டுக் கீழே குறிப்பைத் தட்டச்சு செய்தவர்களின் கட்டுரைகளை, சேர்ப்பதற்கு முன்பே உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும். வரிசை எண் இட்ட பட்டியல்கள், முந்திய கட்டுரையின் பட்டியலைத் தொடர்ந்து 8, 9 என்று ஓடினால், எண்ணின் மேல் வலது பொத்தானை அழுத்தி 1-இலிருந்து தொடங்கச் சொல்லலாம்.

முழுக் கோப்பையும் சேர்ப்பதற்கு, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒட்டுவதைவிட 'இன்செர்ட்' பட்டியில் 'ஆப்ஜெக்ட்' என்பதன் கீழ் இருக்கும் 'டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல்' என்ற வழியே எனக்கு உவப்பானது. ஒவ்வொரு கோப்பாக, வரிசைப்படி சேர்ப்பது நலம். 'ரிவ்யூ' பட்டியிலுள்ள 'கம்பைன்' இதற்கானது அன்று. ஒரே கோப்பில் பலர் செய்த திருத்தங்களை ஒன்றாக்குவதற்கு ஏற்பட்டது அது. பெயரைக் கண்டு மயங்குவோர் பலர். வேர்டில் 'மாஸ்டர் டாக்குமெண்ட்' என்ற ஏற்பாடும் உண்டு. கோப்புகள் கெட்டுப்போவதற்குப் பேர்போனது என்று அனுபவஸ்தர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வருவதால் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். லிப்ரே ஆபீஸின் அதே பெயருள்ள ஏற்பாடு நிதானமானது: தனிக் கோப்புகள் தத்தம் ரூபத்தில் மாறாமலே இருக்க, அவற்றைக் கோத்துக் காட்டும் தலைமைக் கோப்பு தன்னுடைய ஸ்டைல்களால் அனைத்தையும் ஒரே சீராகக் காட்டுகிறது. திருத்தமே தேவையில்லை, அச்சிட்டால் போதும் என்றால், ஒவ்வொன்றையும் பி.டி.எஃப். ஆக்கிச் சேர்த்துவிடலாம், ஓர் எள்ளளவும் மாறாது.

திருத்தி நூலாக்க வேண்டியவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, ஸ்டைலின் பெயரையே ஆயுதமாகக் கொள்ளுங்கள் என்பதுதான். எதில் ஒருமைப்பாடு வேண்டுமோ, அதற்கு எல்லாக் கோப்புகளிலும் ஒரே பெயர் இருக்கட்டும். சேர்ந்தவுடன் நூலின் அளவு தானே அவற்றை ஆண்டுகொள்ளும். எது மாறாமல் வர வேண்டுமோ, அதற்கு நூலில் இல்லாத தனிப்பெயர் ஒன்று வைத்துவிட்டால், மோதல் என்ற பேச்சே எழாமல் அது தன் அமைப்போடு வந்து சேரும். ஆனால் அந்தத் தனி ஸ்டைல் நார்மலை அடிப்படையாகக் கொண்டிருந்தால், தான் சொல்லாமல் விட்ட அம்சங்களுக்கெல்லாம் புதிய இடத்து நார்மலையே நாடும்; ஆதலால் அதற்குரிய ஃபாண்டு, பருமன், இடைவெளி எல்லாவற்றையும் அதிலேயே வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். ஒரு பத்திக்குப் புதிய ஸ்டைலை ஏற்றும்போதும் எச்சரிக்கை தேவை: பத்தியின் பாதிக்குக் குறைவான பகுதி தடித்திருந்தால் வேர்டு அந்தத் தடிப்பைக் காக்கும், பாதிக்கு மேற்பட்டிருந்தால் துடைத்துவிடும். இரண்டே சொல் கொண்ட வரியில் ஒரு நீண்ட சொல் தடித்திருந்து மறைந்துபோவது இவ்விதியால்தான். அத்தகைய வரிகளைக் கண்ணால் ஒப்பிட்டே பார்க்க வேண்டும்.

கருத்தரங்கு கூட்டுகிறவர்களிடமும் மலர் தொகுக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கட்டுரை கேட்டு எழுதும் முதல் கடிதத்தோடு, உரை, தலைப்பு, மேற்கோள், செய்யுள் ஆகிய நான்குக்கும் ஸ்டைல் அமைத்த ஒரு மாதிரிக் கோப்பையும் இணைத்து அனுப்புங்கள். கட்டுரையை யூனிகோடில் கேளுங்கள். இயலாதவரிடம் அவர் பயன்படுத்திய ஃபாண்டையாவது கேட்டு வாங்குங்கள். கட்டுரை வரும்போது, எழுதியவர் கண்ட ரூபம் எதுவென்று பிற்பாடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பி.டி.எஃப். பிரதி ஒன்றையும் சேர்த்துப் பெறுங்கள். வந்தவற்றில் மிகவும் சிக்கலான இரண்டை மட்டும் முதலில் சேர்த்து, அச்சிட்டு, அந்தப் பிரதிகளோடு பக்கம் பக்கமாக ஒத்துப்பார்த்த பிறகே மற்றவற்றில் கை வையுங்கள்.